விடுபிழை

காலை ஐந்தே முக்காலுக்கு என் தலையணைக்கு அடியில் வண்டு ஒன்று உறுமியது. ஒரு தடவை இல்லை, பத்துப் பதினைந்து தடவை.

"யாருங்க இந்த நேரத்துல?" என்றாள் என் மனைவி, கண்ணைத் திறக்காமலே.

"காலேஜ் பசங்க. குட்மார்னிங் சொல்றாய்ங்க."

"எத்தனை பேரு?"

"இப்ப வரைக்கும் பதினாலு. இன்னும் வருவாய்ங்க."

"படிக்கிற காலத்துல உங்கள்ல எவனாச்சும் ஒருத்தன், ஒரு நாளாச்சும் இந்த நேரத்துக்கு எந்திரிச்சிருக்கீங்களா?"

நியாயமான கேள்வி. 2004-லிருந்து 2007 வரை மதுரையில் ஒரு கல்லூரியில் பி.காம். படித்தோம். ஒன்பதே முக்கால் வகுப்புக்குப் பத்தேகாலுக்குப் போய், "பஸ் லேட் சார்" என்று கோரஸ் பாடிய கூட்டம் அது. இன்றைக்கு அத்தனை பேரும் சூரியனுக்கு முன்னால் எழுந்து ரோஜாப்பூ படமும் காபிக் கோப்பை படமும் அனுப்புகிறார்கள் என்றால் காரணம் ஒழுக்கம் இல்லை, சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். நடக்கிற நேரத்தில் கை சும்மா இருப்பானேன் என்று எங்களைக் குத்துகிறார்கள்.

கல்லூரியை விட்டு ஒன்றரை மாமாங்கம் ஆயிற்று. எல்லாரும் முப்பதுகளின் கடைசிப் படியில் நின்றுகொண்டு, நாற்பதின் கதவை லேசாகத் திறந்து உள்ளே எட்டிப் பார்க்கிறோம். உள்ளே இருட்டாகத்தான் தெரிகிறது.

*

எங்கள் அப்பாவின் ஆட்டோகிராப் நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் நாலு வரி வாழ்த்து, கீழே முழு விலாசம். கதவு எண், தெருப்பெயர், 'தபால் ஆபீஸ் வழி' என்று எல்லாம் கச்சிதமாக எழுதியிருக்கிறார்கள். நாற்பது வருஷம் கழித்து அதிலுள்ள விலாசத்துக்கு ஒரு கார்டு போட்டார். வாரத்தில் பதில் வந்துவிட்டது. நண்பர் அந்த வீட்டில் இல்லையாம், அவருடைய தம்பி மகன் இருந்தானாம். கார்டை எடுத்துக்கொண்டு போய்ப் பெரியப்பாவிடம் கொடுத்திருக்கிறான். வீடு நகராது பாருங்கள், அதுதான் சூட்சுமம்.

எங்கள் தலைமுறை புத்திசாலித் தலைமுறை இல்லையா? விலாசம் என்ன விலாசம் என்று செல் நம்பரும் இமெயிலும் எழுதிக் கொடுத்துப் பிரிந்தோம். ஈமெயில் முகவரிகள் எல்லாம் 'கூல் பாய்', 'ராக்கிங் ஸ்டார்' என்ற ரகம். பாஸ்வேர்டு அந்த வருஷமே மறந்துபோனது. கூல் பாய் இப்போது ஒரு மளிகைக்கடை முதலாளி. அவனை அந்தப் பெயரில் கூப்பிட்டால் பருப்பை நிறுக்கிற தராசாலேயே அடிப்பான்.

செல் நம்பர் கதை அதைவிட மோசம். 2003-ல்தான் இன்கமிங் இலவசம் ஆனது. அதற்கு முன்னால் போன் அடித்தால் எடுக்கிறவனும் காசு கொடுக்கவேண்டும். நாங்கள் படித்து முடிப்பதற்குள் ஆளுக்கொரு செல் வந்துவிட்டது. ஆனால் வேலை தேடி ஒருத்தன் பெங்களூர் போவான். அங்கே மதுரை சிம்மை வைத்துக்கொண்டால் ரோமிங் காசு தீட்டும். புது சிம் வாங்குவான். 'எவன் காசு குறைவாக வாங்குகிறான்' என்று கம்பெனி மாறுவான். கம்பெனி மாறினால் நம்பரும் மாறும். பழைய நம்பரையே வைத்துக்கொண்டு கம்பெனி மாறலாம் என்ற வசதி நாடு முழுக்க வந்தது 2011 ஜனவரியில். அதற்குள் நாங்கள் நாலாயிரம் கிலோமீட்டர் பரப்பளவில் சிதறிவிட்டோம். மிச்சம் மீதி இருந்தவர்களை, 2018-ல் ஒரு பெரிய செல் கம்பெனி கடையைச் சாத்திக்கொண்டு போனபோது தொலைத்தோம்.

எஸ்.எம்.எஸ். நினைவிருக்கிறதா? ஒரு பூஸ்டர் போட்டால் நாள் முழுக்க இலவசம், தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் மட்டும் காசு. ஆகவே நாங்கள் தீபாவளி வாழ்த்தை முதல் நாளே அனுப்பிவிடுவோம். நட்பு பெரிதுதான். ஆனாலும் நாங்கள் காமர்ஸ் மாணவர்கள்!

நடுவில் ஆர்குட் என்று ஒன்று வந்தது. 2004-ல் ஆரம்பித்தார்கள். எங்கள் கைக்கு வர 2006 ஆயிற்று. பிரௌசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து, முக்கால்வாசி நேரம் பக்கம் திறப்பதற்காகக் காத்திருந்து, பக்கத்து நாற்காலியில் இருப்பவனுக்கே 'ஹாய் மச்சி' என்று எழுதி அனுப்பிவிட்டு எழுந்து வருவோம். ஒருவரைப் பற்றி ஒருவர் 'டெஸ்டிமோனியல்' என்று நற்சான்று எழுதிக்கொள்வோம். 'தங்கமான பையன்' என்று என்னைப் பற்றிக்கூட மூன்று பேர் எழுதியிருந்தார்கள். 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி ஆர்குட்டை இழுத்து மூடிவிட்டார்கள். நான் தங்கமான பையன் என்பதற்கு இருந்த ஒரே ஆதாரமும் அன்றோடு அழிந்தது.

அப்புறம் ஃபேஸ்புக்கில் தேடினோம். நம் ஊர்க்காரர்களைத் தேடுவதில் ஒரு சங்கடம் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஓர் எழுத்து இனிஷியல்தான். 'எஸ். கார்த்திக்' என்று போட்டுத் தேடிப் பாருங்கள், தமிழ்நாட்டில் பாதிப் பேர் வந்து நிற்பார்கள். எங்கள் வகுப்பிலேயே நாலு கார்த்திக். பெண்களின் பாடு இன்னும் கஷ்டம். கல்யாணம் ஆனதும் அப்பா இனிஷியல் போய்ப் புருஷன் இனிஷியல் வரும். படத்துக்குப் பதில் சாமந்திப்பூவோ, பிள்ளையின் போட்டோவோ இருக்கும். அந்தக் குழந்தையின் மூக்கைப் பார்த்து 'இது நம்ம முதல் பெஞ்சு மூக்கு இல்ல?' என்று அம்மாவைக் கண்டுபிடித்த மேதைகள் எங்களிடம் உண்டு.

*

2016-ல் வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தது. ஆரம்பித்தவன் பட்டப்பெயர் கஜானா. கல்லூரியில் டூர் பணம் வசூலித்தவன், இன்னும் கணக்குக் காட்டவில்லை. இப்போது ஒரு வங்கியில் கேஷியர். கடவுளுக்கும் நகைச்சுவை உணர்ச்சி இருக்கிறது.

2018 அக்டோபரில் '96' படம் வந்தது. படித்தவர்கள் எல்லாம் ஒன்றுகூடும் கதை. அந்த மாதம் தமிழ்நாட்டில் ஒன்றுகூடாத வகுப்பே இல்லை என்று நினைக்கிறேன். நானும் மனைவியும் போயிருந்தோம். படம் முடிந்து வீடு வரைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "உங்க கிளாஸ்ல மொத்தம் எத்தனை பொண்ணுங்க?" என்றாள்.

"பதினேழு" என்று சொல்லியிருக்கலாம். நான் மடையன். "சரியா ஞாபகமில்லையே" என்றேன். அடுத்த மூன்று நாள் சாம்பாரில் உப்பு சரியாக இல்லை.

ஆனால் குழு என்றால் என்ன என்று அவளுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. அங்கே காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. முதலில் காதுகுத்துப் பத்திரிகைகள் வந்தன. பிறகு கிரகப்பிரவேசப் பத்திரிகைகள், அதன் நிழலாக 'வீட்டுக் கடனுக்கு எந்த பேங்கில் வட்டி கம்மி?' என்ற விசாரணைகள். பிறகு எல்.கே.ஜி. அட்மிஷன். இப்போது மூன்று மாதச் சராசரி சர்க்கரை. பரீட்சையில் மார்க் குறைவாக வாங்கினவன் சர்க்கரையில் முதலிடம் வாங்கியிருக்கிறான்.

தலைமுடி விஷயம் தனி. தேய்மானத்தில் இரண்டு முறை உண்டு என்று அக்கவுன்டன்சியில் படித்தோம். வருஷா வருஷம் ஒரே அளவாகக் கழிப்பது நேர்கோட்டு முறை. மிச்சம் இருப்பதில் சதவிகிதம் போட்டுக் கழிப்பது குறைந்து செல் மதிப்பு முறை. எங்கள் வகுப்பில் இரண்டுக்கும் உதாரணங்கள் நடமாடுகின்றன.

கேலியை நிறுத்திவிட்டு ஒன்று சொல்லவேண்டும். 2021 மே மாதம் எங்கள் குழுவில் ஒருவர்கூட ரோஜாப்பூ அனுப்பவில்லை. எந்த ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் படுக்கை காலி, எந்த வரிசையில் மருந்து கிடைக்கிறது என்ற செய்திதான் ராத்திரி பகலாக ஓடியது. பதினாலு வருஷமாகப் பேசாதவன் ராத்திரி இரண்டு மணிக்கு பைக் எடுத்துக்கொண்டு போய் இன்னொருத்தன் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தான். அப்படியும் ஒருத்தனை இழந்தோம். அதற்குப் பிறகுதான் காலை ஐந்தே முக்கால் ரோஜாப்பூவை யாரும் திட்டுவதில்லை. ரோஜாப்பூ வந்தால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம்.

*

விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் கஜானா ஒரு பிரகடனம் செய்தான். எல்லாரும் மதுரையில் கூடப் போகிறோம். அதற்கு முன்னால் கணக்குப் பார்க்கவேண்டும். எங்கள் கடைசி வருஷ குரூப் போட்டோவை எடுத்து, தலைகளை எண்ணினான். 57. குழுவில் இருப்பவர்கள் 54. காலமானவர்கள் 2. வாட்ஸ்அப்பே வேண்டாம் என்று விரதம் இருப்பவர் 1. ஆக 57.

'டிரையல் பேலன்ஸ் டாலி!' என்று போட்டான். 53 கட்டைவிரல்கள் உயர்ந்தன.

மறுநாள், எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி ஏதோ சான்றிதழுக்காகக் கல்லூரிக்குப் போயிருக்கிறாள். ஆபீசில் தூசி தட்டி எடுத்த பழைய வருகைப் பதிவேட்டைப் படம் பிடித்துப் போட்டாள். பெயர்ப் பட்டியல் 58-இல் முடிந்திருந்தது.

குழு ஸ்தம்பித்தது.

'19 யாருப்பா?'

'பாதியில நின்னவனா இருக்கும்.'

'மூணு வருஷமும் பேரு இருக்கே!'

'துபாய்ல இருக்கான்னு கேள்விப்பட்டேன்.' (தெரியாதவர்கள் எல்லாரும் துபாயில்தான் இருப்பார்கள்.)

'கண்ணாடி போட்டிருப்பானே, அவனா?' 'அது 32. இங்கதான் இருக்கேன்' என்றது 32.

மூன்று வருஷம் கூடப் படித்தவனை 54 பேரில் 53 பேருக்கு ஞாபகமில்லை. ஒருத்தனுக்கு மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த ஒருத்தன் வாயைத் திறக்கவில்லை.

என் நம்பர் 20.

பரீட்சை ஹாலில் நம்பர் வரிசைப்படி உட்கார்த்துவார்கள். ஆறு செமஸ்டர், அத்தனை பேப்பர், அவன் எனக்கு முன்னால். அவன் முகத்தைவிட அவன் பிடரிதான் எனக்குப் பழக்கம். இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம், சட்டைக் காலரில் ஒரு தையல், எல்லாம் அத்துபடி. காப்பியடிக்க ஒரு நாளும் முழங்கையை விலக்கியதில்லை, மகராசன். ஆனால் முதல் நாள் சாயங்காலம் கீழமாசி வீதிக்கு வரச் சொல்லுவான். அங்கே ஒரு வத்தல் மண்டியில் அவனுக்குச் சாயங்கால வேலை. சிட்டை எழுதி, பேரேட்டில் ஏற்றுகிற வேலை. மூட்டை மேல் என்னை உட்காரவைத்து, மிளகாய் நெடியில் நான் தும்மத் தும்ம, காஸ்ட் அக்கவுன்டிங் சொல்லிக்கொடுப்பான். அந்தப் பேப்பரில் நான் பாஸானதற்குப் பல்கலைக்கழகம் காரணமில்லை, அவன்தான் காரணம்.

எல்லார்கூடவும் ஊர் சுற்ற அவனுக்கு நேரம் கிடையாது. டூர் வரமாட்டான், சினிமா வரமாட்டான். மணி அடித்தால் மண்டி. அதனால்தான் மறந்திருக்கிறார்கள்.

போட்டோவில் அவன் ஏன் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை போட்டோ என்று முதலில் சொல்லியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, டை, கறுப்பு ஷூ. வியாழக்கிழமை வந்து, போட்டோகிராபருக்குச் சனிக்கிழமை வேறு ஆர்டர், நாளைக்கே எடுத்துவிடலாம் என்றார்கள். அன்று அவன் வரவில்லை. மண்டியில் சரக்கு இறங்குகிற நாள். துறைத் தலைவர் என்னைப் பார்த்து, "நீதானே அவன் அடுத்த நம்பர், சொல்லிடு" என்றார். "சரி சார்" என்றேன்.

அவனிடம் செல் இல்லை. மண்டி நம்பர் என் பாக்கெட்டில் இருந்தது. ஒரு ரூபாய்க் காயின் போட்டுப் பேசியிருக்கலாம். சாயங்காலம் நாலு பேராக ஜிகர்தண்டா குடிக்கப் போனோம், அப்படியே ஒரு படம். மறந்துவிட்டேன். வேண்டுமென்று இல்லை, வெறுமே மறந்தேன். அதற்கு ஒரு நொண்டிச்சாக்குகூட இல்லை.

வெள்ளிக்கிழமை போட்டோ எடுத்தார்கள். சனிக்கிழமை அவன் வந்தானாம். திங்கட்கிழமை வாட்ச்மேன் சொல்லித் தெரிந்தது. "வெள்ளைச் சட்டை, டை எல்லாம் கட்டிக்கிட்டு ஒரு தம்பி வந்து பதினோரு மணி வரைக்கும் நின்னுச்சுப்பா."

அவன் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. பரீட்சை முழுவதும் அந்தப் பிடரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசிப் பேப்பர் முடிந்து, திரும்பி, "வர்றேன்டா" என்றான். போய்விட்டான்.

எங்கள் அக்கவுன்டன்சி வாத்தியார் ஒன்று சொல்வார். 1494-ல் வெனிஸ் நகரத்தில் லூகா பாசியோலி என்கிற துறவி இரட்டைப் பதிவு முறையை விளக்கி அச்சில் கொண்டுவந்த நாள் முதல், பற்றும் வரவும் சமமானால் கணக்குப்பிள்ளைக்கு நிம்மதி. ஆனால் டிரையல் பேலன்ஸ் டாலி ஆகிவிட்டாலே கணக்கு சரி என்று நினைக்காதே. சில பிழைகளை அது காட்டிக்கொடுக்காது. அதில் முதல் பிழை, விடுபிழை. ஒரு நடவடிக்கையைப் பதிவே செய்யாமல் விட்டுவிட்டால், இரண்டு பக்கமும் சமமாகத்தான் இருக்கும். யாருக்கும் தெரியாது, விட்டவனைத் தவிர.

*

இதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஒத்த ரூபா போன். அதுக்கு இத்தன வருஷமா வட்டி கட்டிக்கிட்டு இருக்கீங்க. போய் அசலைக் கட்டிட்டு வாங்க" என்றாள். அவள் ஹோம் சயின்ஸ். சில சமயம் காமர்ஸ் நன்றாக வருகிறது.

பாண்டியனில் டிக்கெட் போட்டேன்.

கீழமாசி வீதி மாறவில்லை. அதே மிளகாய், மல்லி நெடி, அதே தள்ளுவண்டி நெரிசல், "ஓரம் போங்க சார், ஓரம்" என்று முதுகில் மூட்டையோடு வருகிற அண்ணாச்சிகள். மண்டி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் சாமான் கடை. மனசு விட்டுப்போனது. எதிர்க் கடைப் பெரியவரிடம் தயங்கித் தயங்கி விசாரித்தேன்.

"நம்ம கணக்குப்பிள்ளையா? மாடிக்குப் போங்க. செருப்பைக் கீழேயே விட்டுருங்க, மேல ஏற்கெனவே இடமில்ல."

மாடியில் நாலு கம்ப்யூட்டர், நாலு பெண்கள், சுவர் மறைய ஃபைல்கள். பீரோவில் எதையோ தேடிக்கொண்டு ஒருவர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். இடது காதுக்குக் கீழே மச்சம். முடிதான் குறைந்து செல் மதிப்பு முறையில் இருந்தது.

"பத்தொன்பது" என்றேன்.

பிடரி அசையவில்லை. மெதுவாகத் திரும்பினான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இருபதா?"

"இருபதுதாண்டா."

"டேய்... உக்காருடா. இன்னைக்குப் பதினொன்னாம் தேதிடா. பத்து நிமிஷம்."

பதினொன்றாம் தேதி என்றால் என்ன என்று வியாபாரம் செய்கிறவர்களுக்குத் தெரியும். ஜி.எஸ்.டி.யில் விற்பனை விவரம் தாக்கல் செய்யக் கடைசி நாள். பத்து நிமிஷம் என்பது இரண்டு மணி நேரம் ஆயிற்று. உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது இந்த வீதியே ஆடிப்போயிருக்கிறது. பரம்பரையாக நீள நோட்டில் பேரேடு எழுதியவர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்று என்றால்? அவர்கள் பேரேட்டைப் படிக்கத் தெரிந்த ஆள், கம்ப்யூட்டரும் தெரிந்த ஆள், கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த ஆள் இவன்தான். மண்டி முதலாளி மாடியை விட்டுக்கொடுத்தாராம். இன்றைக்கு வீதியில் பாதிக் கடையின் ஐந்தொகை இவன் பீரோவில்.

டீயும் உளுந்த வடையும் வந்தன. கூட்டம் கலைந்தது. நான் ரயிலில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனம் எல்லாம் மறந்துபோய், வடையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

"அந்தப் போட்டோடா... வெள்ளிக்கிழமைக்கு மாத்தினதை உன்கிட்ட சொல்லச் சொன்னாங்க. என்கிட்டத்தான் சொல்லிவிட்டாங்க. நான் மறந்துட்டேன்."

அவன் டீயை மேஜையில் வைத்தான்.

"உன்கிட்டயா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் அவனுக்குத் தெரியவே தெரியாது! 'என் மேல் கோபமாக இருப்பான்' என்று நான் பயந்ததெல்லாம் வீண். வலியப் போய் என் பெயரில் நானே பற்று எழுதிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். கீழே யாரோ மூட்டை இறக்குகிற சத்தம் கேட்டது.

"நான் வேற மாதிரில்லடா நினைச்சிருந்தேன்" என்றான். "எல்லாருக்கும் சொல்லியிருக்காய்ங்க, என்னைய மட்டும் விட்டுட்டாய்ங்க, மண்டியில வேலை பாக்குறவன்தானேன்னு. அத்தனை பேரும் சேர்ந்து வேணும்னே விட்டுட்டாய்ங்கன்னு. அதான் எவனையும் தேடல. ரோட்டுல நம்ம பசங்களைப் பாத்தாக்கூட அங்கிட்டுத் திரும்பிக்குவேன்."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அம்பத்தேழு பேருன்னு நினைச்சேன்டா" என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது. பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஒருத்தன்தானா!"

56 பேரை ஒரே வரியில் தள்ளுபடி செய்துவிட்டான். மிச்சம் நின்ற ஒருத்தனை என்ன செய்தான் என்கிறீர்களா? "வடையைச் சாப்பிடுடா, ஆறிப்போச்சு" என்றான்.

ராத்திரி அவன் வீட்டில் சாப்பாடு. "அந்தப் போட்டோவைக் காட்டுங்களேன்" என்றார் அவன் மனைவி. கூடத்துச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. வெள்ளைச் சட்டை, கோணல் டை, பின்னால் திரைச்சீலை நீர்வீழ்ச்சி. அன்று பதினோரு மணிக்குக் கல்லூரி வாசலிலிருந்து நேரே ஒரு ஸ்டூடியோவுக்குப் போயிருக்கிறான்.

"ஷூ முதலாளி மகனோடது. திருப்பிக் கொடுக்குறதுக்குள்ள ஒரு போட்டோவாச்சும் எடுத்துருவோம்னு. எங்கம்மா டை கட்டினதைப் பாக்கணும்னு ஆசைப்பட்டுச்சு" என்றான்.

கீழே சின்ன எழுத்தில், 'பி.காம். 2004 - 2007' என்று எழுதியிருந்தது. ஒரே ஒரு ஆள் உள்ள குரூப் போட்டோ.

அனுமதி கேட்டு அதைப் படம் பிடித்து, என்ன நடந்தது என்று ஒளிக்காமல் எழுதி, எங்கள் குழுவில் போட்டேன். இரண்டு நிமிஷம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் வண்டு உறுமத் தொடங்கியது. ராத்திரி பன்னிரண்டு வரை நிற்கவில்லை. என்னைத் திட்டியவை பாதி, அவனை வரவேற்றவை பாதி. இரண்டுக்குமே நான் தகுதியானவன்தான்.

கஜானா அவனைச் சேர்த்தான். அவனுடைய முதல் செய்தி: 'அனைவருக்கும் வணக்கம். 20-ஆம் தேதி ரிட்டர்ன் முடியும்வரை தயவுசெய்து குட்மார்னிங் அனுப்ப வேண்டாம்.'

எங்களில் மூன்று பேர் இப்போது அவனிடம்தான் கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். நண்பர்கள் என்று ஒரு பைசா குறைக்கவில்லையாம். காப்பியடிக்க முழங்கையை விலக்காதவன் ஆயிற்றே!

(இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. பேரை மட்டும் போட்டுராத. என் கிளையன்ட் எல்லாம் இந்தப் பத்திரிகை படிக்கிறவங்க, வெட்டியா போட்டோ எடுத்துக்கிட்டுத் திரியிறான்னு நினைப்பாங்க" என்றான்.)

*

போன வாரம் குழுவில் கஜானா அறிவித்தான். நாங்கள் கூடுகிற தேதி முடிவாகிவிட்டது. சனிக்கிழமை காலை பத்து மணி. புதுசாக ஒரு குரூப் போட்டோ. வெள்ளைச் சட்டை கட்டாயம். தொப்பை உள்ளவர்கள் பின்வரிசை. (அப்படியானால் முன்வரிசையில் யார் உட்காருவார்கள் என்று தெரியவில்லை.)

மூன்றாம் நாள் இன்னொரு அறிவிப்பு வந்தது. மண்டபம் கிடைக்கவில்லை. சனிக்கிழமை இல்லை, ஞாயிற்றுக்கிழமை.

ராத்திரி மணி பத்தரை. உடனே போனை எடுத்தேன்.

"பத்தொன்பது, போட்டோ ஞாயித்துக்கிழமைக்கு மாத்திட்டாங்கடா."

"தெரியும்டா. குரூப்ல பார்த்தேன். நீ ஆறு மணிக்கு ஒரு தடவை சொன்ன, எட்டு மணிக்கு ஒரு தடவை சொன்ன. தூங்க விடுடா."

"சரி சரி. ஞாயித்துக்கிழமை. பத்து மணி."

போனை வைத்தேன். பக்கத்தில் படுத்திருந்த மனைவி, கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"காலையில இன்னொரு தடவை சொல்லிருங்க."